வெள்ளையர்கள் நிறைந்த சின்ன ஊரில் கலப்புக் குழந்தைகளை வளர்ப்பது: ஊர் பேசும் முன் நீங்கள் பேசிவிடுங்கள்

உங்கள் துணை வெள்ளையர், நீங்கள் தமிழர், குடிவந்திருப்பது பெரும்பாலும் வெள்ளையர்களே வாழும் ஒரு சின்ன ஊர். கையில் குழந்தை இருக்கிறது, அல்லது வரப்போகிறது. வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை முகம் வாடி வந்த பிறகே பலரும் இதைத் தேட ஆரம்பிக்கிறார்கள். நானும் இப்படி ஒரு ஊரில்தான் பிள்ளைகளை வளர்க்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அளவைப் பற்றி. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 கணக்கெடுப்பில் சுமார் 17 லட்சம் பேர் தங்களைக் கலப்பினத்தவர் என்று பதிந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2020-இல் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிப்பிட்டவர்கள் சுமார் 3.38 கோடி. ஆகவே உங்கள் குழந்தை அபூர்வமில்லை. ஆனால் அந்த வகுப்பறையில் அவள் ஒருத்திதான். பெருநகரத்தில் ஒரு பிள்ளை கூட்டத்தில் கலந்துவிடலாம், சின்ன ஊரில் அது முடியாது. நூலகர், மருந்தகத்தில் இருப்பவர், பேருந்து ஓட்டுநர் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இதில் நல்லதும் உண்டு. அன்பாக இருப்பவர்கள் நிஜமாகவே அன்பாக இருப்பார்கள், அவசரத்துக்கு ஓடி வருவார்கள். ஆனால் யாராவது ஒன்று சொல்லிவிட்டால், மறுநாளும் அதே முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

"குழந்தைக்கு நிறமெல்லாம் தெரியாது, நாமே பேசி ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?" புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் கேட்பது இதைத்தான். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மூன்று மாதக் குழந்தைகளே தாங்கள் அதிகம் பார்த்துப் பழகிய இனத்தின் முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. எத்தியோப்பியாவில் இருந்த குழந்தைகளும், இஸ்ரேலில் இருந்த வெள்ளைக் குழந்தைகளும் தங்கள் இனத்தின் முகங்களையே விரும்பிப் பார்த்தார்கள். எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகள் இரண்டு வகை முகங்களையும் பார்த்துப் பழகியவர்கள், அவர்களிடம் அந்தச் சாய்வு தென்படவில்லை. என்னென்ன முகங்கள் கண்ணில் படுகின்றன என்பது அவ்வளவு சீக்கிரமே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. சின்ன ஊரில் பலவகை முகங்களைப் பார்ப்பது தானாக நடக்காது, நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பார்ப்பதோடு முடிவதுமில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் பழுப்பு பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளை பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வும் சுட்டப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்கு வீட்டில் யாரும் 'நீ மட்டம்' என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. சுற்றியிருந்ததைப் பார்த்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வேறு யாரோ நிரப்பிவிடுவார்கள்.

எப்படிப் பேசுவது? மூன்று நான்கு வயதில் இதைப் பெரிய விஷயமாக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது, படம் வரையும்போது, "அம்மா தோல் பழுப்பு, அப்பா தோல் வெளிர், உன்னுடையது ரெண்டும் சேர்ந்து வந்தது" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். மெலனின் என்ற நிறமி எல்லோர் தோலிலும் உண்டு, சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைவு என்பதும் அந்த வயதில் புரியும். ஆறு ஏழு வயதில், நிறத்தைப் பார்த்துச் சிலர் தப்பாக நடந்துகொள்வார்கள் என்பதையும், அது குழந்தையின் குற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சு வீட்டில் ஏற்கெனவே நடந்திருந்தால்தான், பள்ளியில் ஒன்று நடந்ததும் உங்களிடம் வந்து சொல்லும். இது வீட்டில் பேசாத விஷயம் என்று தோன்றிவிட்டால் சொல்லாது. கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் 1958-இல், 19 வயதில், படிக்க அமெரிக்கா போனவர். கணவர் ஜமைக்காக்காரர். தன் இரண்டு பெண்களையும் அந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று புரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி தன்னம்பிக்கையோடு வளர்த்தார் என்று மகளே பதிவு செய்திருக்கிறார். நம் கண்ணுக்கு நம் பிள்ளை எப்படித் தெரிகிறது என்பதோடு, ஊர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது மருத்துவமனை. இதைக் கட்டாயம் படியுங்கள். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே முதுகின் கீழ்ப்பகுதியிலும் பின்புறத்திலும் நீலச் சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கும். ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம். வலிக்காது, பெரும்பாலும் சில வருடங்களில் தானே மங்கிவிடும். ஆனால் பார்ப்பதற்கு அடிபட்டுக் கன்றியதுபோல் இருக்கும். இதை அதிகம் பார்த்திராத ஒரு செவிலியரோ குழந்தைக் காப்பக ஊழியரோ, குழந்தையை யாரோ அடிக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், குழந்தைப் பாதுகாப்புத் துறைவரை போகலாம். எனவே பிறந்த உடனே, எந்த இடத்தில், எந்த அளவில் என்று மருத்துவரிடம் சொல்லிக் குழந்தையின் மருத்துவப் பதிவில் எழுதி வாங்குங்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காப்பகத்தில் சேர்க்கும் முதல் நாளே நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கன்றிய காயம் சில நாட்களில் நிறம் மாறும், இது அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பதுதான் வித்தியாசம்.

அதோடு சேர்ந்தவை சில. கரப்பான் போன்ற தோல் நோய்கள் பழுப்புத் தோலில் சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சாம்பலாகத் தெரியலாம், பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலையும் தோலில் அவ்வளவாகத் தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெயில் குறைந்த நாடுகளில் கருந்தோல் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவது எளிது, அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

பயணத்துக்கும் ஒரு வார்த்தை. குழந்தை வெளுப்பாக இருந்து, குடும்பப் பெயரும் அப்பாவுடையதாக இருந்து, நீங்கள் மட்டும் தனியாகக் கூட்டிப்போனால், எல்லையில் கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழின் நகலும், துணையின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பையில் இருக்கட்டும். பூங்காவில் உங்களைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் என்று நினைத்து யாராவது பேசினால், குழந்தையின் முன்னால் "நான்தான் அம்மா" என்று தெளிவாக, சத்தமாகச் சொல்லுங்கள். கேட்டவருக்காக இல்லை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக.

பள்ளிக்கூடம். சேர்க்கும் முன்பே வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். குழந்தையின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுங்கள், சுருக்கிக் கூப்பிட விடாதீர்கள். குடும்ப மரம் வரையச் சொல்லும் பாடம் வரும்போது முன்கூட்டிச் சொல்லும்படி கேளுங்கள். 'உங்கள் நாட்டைப் பற்றிப் பேசு' என்று குழந்தையை மட்டும் எழுப்பி நிறுத்துவது வேண்டாம் என்றும் மரியாதையாகச் சொல்லிவிடலாம். அவள் நாடு இப்போது வாழும் அந்த நாடுதானே, அங்கேதான் பிறந்தாள்.

யாராவது நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால், பள்ளியிடம் வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். அன்றைக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தைகள், பார்த்தவர்கள், பள்ளி என்ன செய்யப்போகிறது என்ற கேள்வி, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். "குழந்தைகள்தானே, விளையாட்டாகச் சொன்னது" என்ற பதில் எங்களுக்கும் வந்தது. எழுத்தில் கேட்ட பிறகுதான் தொனி மாறியது. சட்டமும் துணைக்கு இருக்கிறது. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டம், அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஆஸ்திரேலியாவில் 1975 இனப் பாகுபாட்டுச் சட்டம், கனடாவில் மாகாண மனித உரிமைச் சட்டங்கள். அமெரிக்காவில் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் செய்வதானால் பொதுவாக 180 நாட்களுக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. உரிமை தெரிந்த பெற்றோரிடம் பள்ளி பேசும் விதமே வேறு.

பெண்குழந்தை இருந்தால் இன்னொன்று. கை கால்களில் கறுத்த முடி, புருவம், மேலுதட்டு முடி, இவற்றைச் சொல்லி எட்டு ஒன்பது வயதிலேயே கேலி தொடங்கிவிடும். வெள்ளைக்காரத் தகப்பனுக்கு இது தோன்றவே தோன்றாது. அவள் கேட்கும் முன்பே, இது நம் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் உண்டு, உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் எடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று பேசிவிடுங்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். கலப்புக் குழந்தை பிறந்ததும் நம் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது என்ன? "குழந்தை யார் கலர்?" வெளுப்பாக இருந்தால் கொண்டாட்டம், மாநிறமாக இருந்தால் ஆறுதல். இரண்டு பிள்ளைகளில் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் இருந்தால் வீடியோ அழைப்பில் அந்த வெளுத்த பிள்ளைக்குத்தான் கொஞ்சல் அதிகம். அந்த ஊரில் நிறத்தால் ஏற்கெனவே தனியாக நிற்கும் பிள்ளைக்கு, தன் பாட்டியும் நிறத்தைத்தான் எடைபோடுகிறாள் என்று தெரிவது பெரிய அடி. "எங்கள் வீட்டில் பிள்ளைகளின் நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது அத்தை" என்று பிள்ளைகளின் காதுபடவே சொல்லுங்கள். வருத்தப்படுவார்கள், அப்புறம் பழகிக்கொள்வார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் ஊரில் கிடைக்கும் அனுபவமும் ஒன்றாக இருக்காது. வெளுத்தவன் வெள்ளைப் பையனாகவே கடந்துபோவான், மாநிறமானவளிடம்தான் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். அவளுக்கு நடப்பது அவனுக்கும் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்கவும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

துணையைப் பற்றி. நல்ல மனிதராக இருந்தும், "அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்" என்று சமாதானம் சொல்வார். அவர் வாழ்நாளில் இது அவருக்கு நடந்ததில்லை, அவ்வளவுதான். குழந்தை பிறக்கும் முன்பே உட்கார்ந்து பேசி, பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புவது, விளக்கம் பிறகு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய பெற்றோரும் நண்பர்களும் தவறாக ஏதாவது சொன்னால் பேச வேண்டியவர் அவர்தான். பள்ளிக் கூட்டங்களுக்கும் இருவரும் சேர்ந்தே போங்கள்.

தமிழ்மொழி தனியாக எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாக: பிறந்த நாளிலிருந்தே நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், துணை அவர் மொழியில் பேசட்டும். பக்கத்தில் வகுப்பு இல்லாவிட்டால், 2001-இல் தமிழ்நாடு அரசு தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று இயங்கும் நிறுவனத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பத்து வயதுவாக்கில் "என் நண்பர்கள் முன்னால் தமிழில் பேசாதே" என்பார்கள். வெளியில் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், வீட்டில் மொழியை மாற்றாதீர்கள்.

தங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்ப்பதும் அவசியம். இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப்போக வேண்டியிருந்தாலும், வேறு கலப்புக் குடும்பங்களோடு அடிக்கடி ஒரு நாள் கழியட்டும். தமிழ்க் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னைப்போல் ஒரு வீடு வேறெங்கோ சாதாரணமாக நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளை திங்கட்கிழமை வேறு மாதிரி பள்ளிக்குப் போகிறது.

படிவங்களில் இனம் கேட்கும் இடத்தில், பிள்ளை வளர்ந்ததும் அவர்களே நிரப்பட்டும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000-லிருந்தே ஒன்றுக்கு மேல் குறிக்கலாம், பிரிட்டனில் 2001-லிருந்து கலப்பினம் என்று தனிப் பிரிவே உண்டு. பதிமூன்று வயதில் ஒன்றும் இருபதில் வேறொன்றும் சொல்வார்கள். அது உங்களை ஒதுக்குவதாகாது.

கடைசியாக, ஊரை விட்டுப் போவதைப் பற்றி. பலமுறை எழுதியும் பள்ளி அசையவில்லை, பிள்ளை காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறது, தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறது, உங்களைப் பள்ளி வாசலுக்கு வர வேண்டாம் என்கிறது என்றால், அதைப் பழகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் மனநல ஆலோசனைக்குப் பரிந்துரை கேளுங்கள், பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால், வீட்டுக்கடனும் வேலையும் இருந்தாலும், இடம் மாறுவதைப் பற்றி இருவரும் நேராகப் பேசுங்கள். பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன் முடிவெடுத்தால் மாற்றம் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.