புதுப்பிப்பு: ஹோப் உதவித்தொகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பள்ளியில் அடி, மிரட்டல், சீண்டலுக்கு ஆளான பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 2018இல் கொண்டுவந்த ஹோப் உதவித்தொகையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பணம் யார் தந்தார்கள் என்று பலர் கேட்டீர்கள். கார் வாங்குபவர்கள்! ஷோரூமில் கையெழுத்துப் போடும் காகிதக் கட்டோடு ஒரு படிவத்தையும் வைத்தார்கள். விரும்பினால், அரசுக்குச் சேரவேண்டிய விற்பனை வரியில் 105 டாலர் வரை இந்த நிதிக்குத் திருப்பிவிட முடிந்தது. வாங்குபவர் கையிலிருந்து கூடுதலாக ஒரு காசும் போகவில்லை. கெட்டிக்கார ஏற்பாடு, கருவூலத்துக்குத்தான் இழப்பு.

எனக்குப் பிடித்தது வேறொன்று. புகார் நிரூபணமாகும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. விசாரணை இழுத்தடித்தாலும், புகார் வந்த 15 நாளுக்குள் இந்த உதவித்தொகை பற்றிப் பெற்றோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது சட்டம்.

2002இல் கையெழுத்தான அமெரிக்கக் கூட்டாட்சிக் கல்விச் சட்டமும் ‘தொடர்ந்து ஆபத்தான’ பள்ளியிலிருந்து மாறும் உரிமையைத் தந்ததுதான். ஆனால் எது ஆபத்தான பள்ளி என்பதை மாநிலங்களே வரையறுத்தன. பெரும்பாலான மாநிலங்கள் ஒரு பள்ளியைக்கூடப் பட்டியலில் சேர்க்கவில்லை. தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்வார்களா?

2023இல் ஃப்ளோரிடா தனியார் பள்ளி உதவித்தொகைக்கான வருமான வரம்பையே எடுத்துவிட்டது. அடிபட்ட கதையைச் சொல்லாமலும் இப்போது விண்ணப்பிக்கலாம்.