அம்மாவின் இமையில் புற்றுநோய்: வைரஸா, பரம்பரையா?

மேகலா_திருச்சி

அம்மாவுக்கு 61 வயது. ஒன்றரை வருடமாக இடது மேல் இமையில் கண்கட்டி மாதிரி ஒன்று வந்து வந்து போனது. நாமக்கட்டி உரைத்துப் போட்டோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், பக்கத்து கிளினிக்கில் இரண்டு முறை கீறி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்றாவது முறையும் அதே இடத்தில் வந்து, அங்கே இமை முடியும் கொட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயாப்ஸியில் செபேசியஸ் சுரப்பி (எண்ணெய்ச் சுரப்பி) புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார்.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. இது வைரஸால் வருவது என்று யாரோ சொல்ல, அண்ணி அம்மாவுக்குத் துண்டு, சோப்பு எல்லாம் தனியாக வைத்துவிட்டார், பேரனையும் பக்கத்தில் விடுவதில்லை. அம்மா எதுவும் சொல்வதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொரு பக்கம், தாத்தா (அம்மாவின் அப்பா) 47 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார், சித்திக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து எடுத்தார்கள். அப்படியென்றால் இது பரம்பரையா? எனக்கும் வருமா?

ஸ்லைடு_நண்பன்

நான் பேத்தாலஜி (வெட்டியெடுத்த திசுவைச் சோதித்து நோயைக் கண்டறியும்) துறையில் இருக்கிறேன். முதலில் அந்தத் துண்டு விஷயம். அம்மாவிடமிருந்து யாருக்கும் இந்தப் புற்றுநோய் தொற்றாது, பேரனை இன்றே மடியில் உட்கார வையுங்கள்.

வைரஸ் பேச்சு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. நம் செல் கண்டபடி பெருகாமல் தடுக்க பி53, ஆர்.பி. என்று இரண்டு புரதங்கள் பிரேக் மாதிரி உண்டு. இந்த வகைப் புற்றுநோயில் பெரும்பாலும் அந்த இரண்டின் மரபணுக்களும் பழுதாகியிருக்கும், வயதாக ஆக அந்தச் செல்லில் மட்டும் ஏற்பட்ட பழுது அது. சில கட்டிகளில் மட்டும் அந்த மரபணுக்கள் நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கும். அதன் இ6 புரதம் பி53-ஐ அழிக்கிறது, இ7 புரதம் ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்கிறது, ஆக விளைவு ஒன்றுதான். இமையில் அரிதாக வரும் மெர்க்கல் செல் புற்றுநோய் இன்னொரு வகை. அதில் 2008-இல் ஒரு புதிய பாலியோமா வைரஸைக் கண்டுபிடித்தார்கள், அது கட்டியின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சக்தியை இழந்து கிடக்கிறது. அதே வைரஸ் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பெரும்பாலான பெரியவர்களின் தோலில் இருக்கிறது. அதனால் வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ஒட்டுவாரொட்டி என்று பயப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் தாத்தா கதைதான். செபேசியஸ் கட்டியும் குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயும் சேர்ந்தால் மியூர்-டோரே என்ற நிலையை நினைக்க வேண்டும், அது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற, பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்களுக்கு வழிவைக்கும் பரம்பரை நிலையின் ஒரு வடிவம். டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் எழுத்துப்பிழையைத் திருத்துகிற மரபணுக்களில் ஒன்று, பெரும்பாலும் எம்.எஸ்.ஹெச்.2, பிறவியிலேயே கெட்டிருக்கும். இமைக் கட்டிகளில் இது அவ்வளவு அடிக்கடி இருப்பதில்லை, ஆனால் இந்தக் குடும்ப வரலாற்றோடு விட்டுவிடக் கூடாது. ஒன்று கேட்கிறேன்: சித்திக்கு வந்தது கர்ப்பப்பை வாயிலா, கர்ப்பப்பையின் உள் சவ்விலா? வாயில் என்றால் அது ஹெச்.பி.வி. வேலை, உள் சவ்வில் என்றால் லிஞ்ச் பக்கம் சாய்கிறது. நாம் இரண்டையும் கர்ப்பப்பை என்றே சொல்லிவிடுகிறோம்.

ராஜபாளையம்_குமார்

சகோதரி, என் தம்பி கதையைச் சொல்கிறேன். எங்கள் அப்பா அக்கா மகளையே கட்டியவர். தம்பிக்கு 2 வயதிலேயே முகமெல்லாம் கரும்புள்ளி, வெயில் பட்டால் கண் கூசி அழுவான். கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். 9 வயதில் கீழ் இமையில் புண், புற்றுநோய். சீரோடெர்மா பிக்மெண்டோசம் என்றார்கள், வெயிலால் டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய அவன் உடம்புக்குத் தெரியாதாம். அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே கெட்ட மரபணு ஒளிந்திருந்து, அவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் பகலில் வெளியே விளையாட விட்டிருக்க மாட்டோம். டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் எதையும் மறைக்காதீர்கள், நாங்கள் முறைக் கல்யாணத்தைச் சொல்லவே கூச்சப்பட்டோம்.

மேகலா_திருச்சி

குமார் அண்ணா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

சித்தி மகனிடம் ஃபைலை எடுக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியம் என்று இருக்கிறது, அப்போது அவருக்கு 49 வயது. அம்மாவுக்கு மறுபடி ஊசி, பயாப்ஸி என்று ஏதாவது உண்டா?

ஸ்லைடு_நண்பன்

எண்டோமெட்ரியம் என்றால் உள் சவ்வுதான், நான் பயந்த பக்கம். அம்மாவை மறுபடி குத்த வேண்டாம். எடுத்த கட்டியை மெழுகுக் கட்டையில் (பிளாக்) பதித்து வைத்திருப்பார்கள், அதிலேயே எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 என்ற, எழுத்துப்பிழை திருத்தும் நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்க்கலாம். ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்த்து, அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. அதில் உறுதியானால்தான் உங்களுக்கும் அண்ணனுக்கும் பரிசோதனை, அந்த மரபணு வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (குழாய் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தால் பெருங்குடலில் சதை வளர்வதை முன்கூட்டியே பிடித்து எடுத்துவிடலாம், தாத்தாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. சித்தி மகனும் கேட்டுக்கொள்ளட்டும்.

மேகலா_திருச்சி

திங்கட்கிழமை பிளாக்கைக் கேட்டு வாங்கப் போகிறேன். உங்கள் முதல் பதிலை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் பையன் அம்மா பக்கத்தில்தான் படுத்திருந்தான்.