உண்மையான நத்தார் மரம்: எதை வாங்கிறது, ஜனவரி 6 வரைக்கும் எப்படிப் பச்சையா வைச்சிருக்கிறது?

மார்க்கம்வாசி:

வணக்கம். இந்த வருசம் பிளாஸ்டிக் மரத்தை விட்டிட்டு உண்மையான மரம் வைக்க யோசிக்கிறம். முன் அறையின்ர கூரை உயரம் 8 அடி. மரம் வைக்க நினைக்கிற மூலைக்குப் பக்கத்திலயே தரையில ஹீற்றர் வென்ற் ஒண்டு இருக்கு. மரத்துக்குக் கீழ குடில் கட்டவேணும். ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும் மரம் நிக்கவேணும். வீட்டில ரெண்டு வயசுப் பிள்ளையும் இருக்கு.

கடையில பால்சம், ஃபிரேசர், ஸ்ப்ரூஸ், பைன் எண்டு வேற வேற விலை போட்டிருக்கினம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது. தண்ணிக்குள்ள சீனி போடச் சொல்லி ஒராள், அஸ்பிரின் போடச் சொல்லி இன்னொராள், அடியில துளை போடச் சொல்லி வேறொராள். எது சரி?

ஊசியிலை:

மரத்தைப் பிரித்தறிய அதன் ஊசி போன்ற இலை ஒன்றைப் பிடுங்கி இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்து உருளாவிட்டால் அது ஃபர். நாலு பக்கமாக இருந்து உருண்டு, நுனியும் குத்தினால் ஸ்ப்ரூஸ். ஊசிகள் கொத்தாக ஒரே இடத்திலிருந்து முளைத்திருந்தால் பைன். ஸ்கொட்ஸ் பைனில் கொத்துக்கு இரண்டு, வெள்ளைப் பைனில் ஐந்து.

உங்கள் தேவைக்கு ஃபிரேசர் ஃபர்தான் என் தேர்வு. கிளைகள் விறைப்பானவை, கனமான அலங்காரங்களையும் தாங்கும். வெட்டிய பிறகும் ஊசியை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். வீடு மணக்கவேண்டும் என்றால் பால்சம் ஃபர். அது கிழக்குக் கனடாவின் சொந்த மரம், அந்த வாசத்துக்கு ஈடு இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட பால்சம் சில நாட்களில் எத்திலீன் வாயுவை வெளிவிடத் தொடங்கும், ஊசியைக் கழற்றிவிடு என்று மரத்துக்குச் சொல்வது அந்த வாயுதான். ஆகவே ஜனவரி 6 வரை வேண்டுமென்றால் பால்சத்தைப் பிந்தித்தான் வாங்கவேண்டும். ஸ்ப்ரூஸ் பார்க்க வடிவு, ஆனால் சூடான வீட்டுக்குள் சீக்கிரம் கொட்டும். வெள்ளை ஸ்ப்ரூஸின் ஊசியைக் கசக்கினால் நாற்றமும் வரும். வெள்ளைப் பைனின் கிளை பாரம் தாங்காமல் தொய்யும். ஸ்கொட்ஸ் பைன் காய்ந்த பிறகும் ஊசியை விடாது. பலர் இதை நல்ல குணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில்தான் பயம், ஏனென்றால் மரம் காய்ந்துபோனதை அது காட்டிக்கொடுக்காது.

வாகனத் தரிப்பிடங்களில் விற்கும் மரங்களில் பல நவம்பர் நடுப்பகுதியிலேயே வெட்டப்பட்டவை. டிசம்பர் 20 இல் வாங்கினாலும் மரத்துக்கு வயது ஒரு மாதம் ஆகியிருக்கலாம். எப்போது வெட்டியது என்று கேளுங்கள். பிறகு ஒரு கிளையைப் பிடித்து நுனிப்பக்கமாக மெதுவாக உருவுங்கள். பச்சை ஊசிகள் கைக்குள் வந்தால் அந்த மரம் வேண்டாம். அடியை நிலத்தில் ஒருதரம் குத்திப் பாருங்கள். உள்ளே தேங்கிய மண்ணிற ஊசிகள் விழுவது வழமை, வெளிப்பக்கத்துப் பச்சை ஊசிகள் விழக்கூடாது. ஃபர் ஊசியை மடித்தால் டக்கென்று முறியவேண்டும். பைன் ஊசி இதற்கு எதிர்மாறு, புதியது முறியாமல் வளையும்.

ஏலுமென்றால் நாமே வெட்டி எடுக்கும் பண்ணைக்குப் போங்கள். டிசம்பர் 10 அளவில் வெட்டினால் திருநாளுக்கு நாலு கிழமைக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல ஃபிரேசருக்கு அது பெரிய விசயமில்லை. 8 அடிக் கூரைக்கு ஆறரை அடி மரம் காணும். தண்ணீர் ஊற்றி மரத்தை நிறுத்தும் ஸ்ராண்ட் அரை அடி எடுக்கும், உச்சியில் நட்சத்திரத்துக்கும் இடம் வேண்டும். அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், ஆறரை அடி மரம் அடியில் நாலரை அடி வரை விரியும்.

காரின் மேல் கட்டும்போது அடிப்பக்கம் முன்னால் இருக்கட்டும். மரத்தை ஒரு பழைய படுக்கை விரிப்பால் சுற்றுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அடிக்கும் காற்று ஊசிகளைக் காயவைத்துவிடும்.

குளிர்தேசம்:

மரம் தெரிவு செய்யிறதைப் பற்றி மேல நல்லாச் சொல்லியிருக்கு. ஆனா எந்த மரத்தை வாங்கினாலும் அது தண்ணி குடிக்காட்டி ரெண்டு கிழமைதான்.

வெட்டின இடத்தில ஆறேழு மணித்தியாலத்துக்குள்ள பிசின் வந்து மூடிவிடும். அதால ஸ்ராண்டில ஏத்திறதுக்கு முன்னம் அடியில அரை அங்குலத்தில இருந்து ஒரு அங்குலம் வரைக்கும் வெட்டி எறியுங்கோ. கைவாள் போதும், வெட்டு நேராக இருக்கவேணும். சரிவா வெட்டினா மரம் சரியா நிக்காது, வெட்டின மேல் விளிம்பும் தண்ணிக்கு வெளிய போயிடும். துளை போடுறதால பிரயோசனம் இல்லை. தண்ணி ஏறுறது பட்டையை ஒட்டின வெளி வளையங்களாலதான். இதே காரணத்துக்காக, ஸ்ராண்டுக்குள்ள போகேல்லை எண்டு சொல்லி அடிமரத்தைச் சீவக்கூடாது. பட்டையோட சேர்த்துக் குடிக்கிற பகுதியையும் சீவி எறிஞ்சதாப் போகும். மரத்தின்ர தடிப்புக்கு ஏத்த ஸ்ராண்டை வாங்குங்கோ.

ஸ்ராண்ட் வாங்கேக்க வடிவத்தைப் பார்க்காதேங்கோ, எவ்வளவு தண்ணி பிடிக்குது எண்டு பாருங்கோ. அடிமரத்தின்ர விட்டத்தில ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு லீற்றர் கணக்கு. உங்கட அளவு மரத்துக்கு அடி நாலு அங்குலம் வரும், எண்டபடியா நாலு லீற்றர். மரம் உள்ள நிக்கேக்க மிச்சம் இருக்கிற இடத்தைத்தான் கணக்கில எடுக்கவேணும். பெட்டியில போட்டிருக்கிறது வெறும் ஸ்ராண்டின்ர அளவு.

முதல் நாள் நாலு லீற்றரையும் இழுத்தாலும் பயப்படாதேங்கோ. பிறகு குறையும். காலையும் இரவும் பார்த்து ஊத்துங்கோ. நீளமான வாய் உள்ள பூவாளி இருந்தா கிளைக்குக் கீழ தவழத் தேவையில்லை. பைப் தண்ணி காணும், சுடுதண்ணியும் வேண்டாம். சீனி, அஸ்பிரின், பிளீச் ஒண்டும் மரத்துக்கு உதவாது. உங்கட சின்னன் அந்தத் தண்ணியில கை வைக்கும் எண்டதையும் யோசியுங்கோ.

வெளிய மைனஸ் 10 இல நிண்ட மரத்தை நேர வீட்டுக்குள்ள கொண்டு வராமல், ஒரு நாள் கராஜில தண்ணி வாளிக்குள்ள நிறுத்துங்கோ. வாளித் தண்ணி உறையிற அளவுக்குக் கராஜ் குளிர் எண்டா வாளி தேவையில்லை, காத்துப் படாத மூலையில சாத்தி வைச்சிட்டு உள்ள கொண்டு வாற அண்டைக்கு அடியை வெட்டலாம்.

மார்க்கம்வாசி:

மிக்க நன்றி. ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்து ஸ்ராண்ட் காஞ்சு போச்செண்டா என்ன செய்யிறது? வென்றைப் பற்றியும் ஒருத்தரும் சொல்லேல்லை.

குளிர்தேசம்:

ஒண்டு ரெண்டு மணித்தியாலம் எண்டா உடன நிரப்புங்கோ, அடுத்த நாளும் மட்டம் குறையுதோ எண்டு பாருங்கோ. குறையாட்டி வெட்டு மூடுப்பட்டிட்டுது. அலங்காரம் எல்லாத்தையும் கழட்டி, மரத்தைச் சரிச்சு, திரும்ப ஒரு அங்குலம் வெட்டுறதைத் தவிர வேற வழி கிடையாது. அதுக்காகத்தான் பெரிய ஸ்ராண்ட் வாங்கச் சொல்லுறன்.

மெழுகுதிரி வேண்டாம்:

மார்க்கம்வாசி, அந்த வென்ற் மூலையில மரத்தை வைக்காதையுங்கோ. வேற இடம் இல்லையெண்டா வென்றை முழுசா மூடிவிடுங்கோ, கொஞ்சம் திறந்திருந்தாலும் சூடான காத்து நேர கீழ்க் கிளைகளுக்குத்தான் அடிக்கும். வெப்பம் வாற எந்த இடத்துக்கும் மரத்துக்கும் இடையில குறைஞ்சது மூண்டு அடி இருக்கவேணும். வெயில் விழுற தெற்கு யன்னலும் கூடாது. காத்தில ஈரப்பதம் கூட்டுற ஹியுமிடிஃபையர் இருந்தா அந்த அறையில போட்டு விடுங்கோ, மரம் குடிக்கிற தண்ணி குறையும்.

ஒழுங்காத் தண்ணி குடிக்கிற மரம் லேசில பத்தாது. காஞ்ச மரத்தில நெருப்புப் பிடிச்சா ஒரு நிமிசத்துக்குள்ள அறையே போயிடும். எல்.ஈ.டி. விளக்கு மட்டும் போடுங்கோ, கனடாவின்ர சி.எஸ்.ஏ. பாதுகாப்பு முத்திரை இருக்கோ எண்டு பாருங்கோ, படுக்கப் போகேக்கயும் பூசைக்குப் போகேக்கயும் அணையுங்கோ. கொண்டோ அடுக்குமாடியில இருக்கிற ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டதால சொல்லுறன், பல கட்டடங்களில உண்மையான மரத்துக்குத் தடை. வாங்க முன்னம் நிர்வாகத்திட்டக் கேளுங்கோ.

குடிலைப் பற்றி. வைக்கோல், கலர்ப் பேப்பர், உள்ளுக்கு ஒரு பல்ப், மேல காயிற கிளை எண்டு எல்லாம் ஒரே இடத்தில சேர்றது எனக்குப் பிடிக்கேல்லை. குடிலை மரத்துக்கு நேர கீழ கட்டாமல் ஒரு பக்கமாத் தள்ளிக் கட்டுங்கோ, உள்ளயும் எல்.ஈ.டி. தான். தண்ணி ஊத்தவும் வழி இருக்கும். ஸ்ராண்டுக்குக் கீழ பிளாஸ்டிக் விரிப்புப் போடாட்டி மரத் தரை ஊதிப்போகும்.

பிள்ளை இழுத்தாலும் விழாமல், மேல் பாதியில மீன்பிடி நைலோன் கயிறு கட்டி சுவர்க் கொக்கியில மாட்டுங்கோ. கொக்கி ஜிப்ஸம் பலகையில மட்டும் நிக்காமல் உள்ள இருக்கிற மரச் சட்டத்தில இறுகவேணும். கண்ணாடிக் குண்டுகள் கீழ் மூண்டு அடிக்குள்ள வேண்டாம்.

ஜனவரி 6 வர முன்னமே மரம் தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டி, ஊசி கையில பொடிஞ்சா, அண்டைக்கே விளக்கைக் கழட்டி மரத்தை வெளிய எடுங்கோ. குடில் தனிய நிக்கலாம்.

ஊசியிலை:

இரண்டு விடயம் விடுபட்டுவிட்டது. சில மரங்களில் சின்னக் கறுப்புப் பூச்சிகள் வரும், அவை ஊசியிலை மரத்துச் சாறு குடிக்கும் அசுவினிகள். கடிக்காது, வீட்டுச் செடிகளிலும் பரவாது. நசுக்கினால் சுவரில் கறை பிடிக்கும், வக்கூமால் உறிஞ்சி எடுங்கள். உள்ளே கொண்டுவர முன் மரத்தை வெளியில் நன்றாக உதறினால் பெரும்பாலும் போய்விடும்.

எடுக்கும்போது நெருப்பு அடுப்பில் வெட்டிப் போடாதீர்கள். பிசின் பொறி பறக்கும், புகைபோக்கிக்குள் கரிப்படிவும் சேரும். அலங்காரம், ஜிகினா, கம்பி எல்லாவற்றையும் கழற்றி, பையில் போடாமல் வெறும் மரமாக வாசல் ஓரத்தில் வையுங்கள். ஜனவரியில் எந்த நாளில் எடுப்பார்கள் என்பது நகரசபையின் குப்பை நாட்காட்டியில் இருக்கும். தோட்டம் வைத்திருந்தால் கிளைகளை வெட்டி ரோசாச் செடிகளின் அடியில் பரப்புங்கள். பெப்ரவரிக் குளிரில் வேர் உறைந்து இளகி உறையாமல் காக்கும்.