உள்பக்கக் கம்பி போடும்போது அல்னர் நரம்பை எப்படிக் காப்பது?

எலும்பு மருத்துவ நண்பர்களுக்கு வணக்கம். 6 வயதுப் பையன், மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு, கார்ட்லாண்ட் மூன்றாம் வகை (எலும்புத் துண்டுகள் முழுதாக விலகியது). நாளை காலை அறுவை சிகிச்சை. நாடி நன்றாக இருக்கிறது. விரல்களை விரிக்கிறான், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடுகிறான்.

வெளிப்பக்கமாக இரண்டு கே-வயர்களை (எலும்பை நிறுத்தும் மெல்லிய உலோகக் கம்பிகள்) விரித்துப் போடுவதுதான் என் வழக்கம். இவனுக்கு உள்பக்கம் நொறுங்கியிருப்பதால் அங்கேயும் ஒன்று தேவைப்படலாம். பயமே அதில்தான். முழங்கையை நன்றாக மடக்கினால் சில குழந்தைகளுக்கு, சுண்டுவிரலுக்குப் போகும் அல்னர் நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டைத் தாண்டி முன்னால் வந்துவிடுகிறது; கம்பி அதில் பட்டுவிடலாம். முன்பு ஒரு சிறுமிக்கு இப்படிச் சுண்டுவிரல் மரத்துப்போனது. நாலு மாதத்தில் சரியானது, ஆனால் அதுவரை அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லவே எனக்கு வார்த்தை வரவில்லை.

இப்போது என் திட்டம்: முதலில் வெளிக்கம்பிகள். அப்புறம் மடக்கை 90 டிகிரிக்கும் கீழே தளர்த்தி, சின்னதாகக் கீறி, எலும்பைக் கண்ணால் பார்த்த பிறகே உள்கம்பி.

வெளிப்பக்கம் மூன்றாவது கம்பி போட்டே சமாளித்தவர்கள் உண்டா? சுழற்சியை அது தாங்கியதா? வீக்கத்தில் மேடே கைக்குத் தட்டுப்படாதபோது கீறலை எங்கே வைக்கிறீர்கள்? இன்றிரவே சொன்னால் பெரிய உதவி.