வீடு மாமனார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே தங்க உரிமை கிடையாதா?

கேள்வி:
வணக்கம். என் தங்கைக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் அடிப்பது முன்பே உண்டு. சென்ற மாதம் அவளை வெளியே தள்ளிவிட்டு, பூட்டையும் மாற்றிவிட்டார். குழந்தையோடு இப்போது என்னிடம் இருக்கிறாள். சான்றிதழ்கள், நகைகள், குழந்தையின் பள்ளிப் பை உட்பட எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. வீடு மாமனார் பெயரில் இருப்பதால் அவளுக்கு உரிமையில்லை என்கிறார்கள். கணவரைச் சிறைக்கு அனுப்பவோ மணவிலக்குக் கேட்கவோ அவளுக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இத்தகைய நிலைக்காகவே வந்தது. மணவிலக்குக் கோராமலும் குற்ற வழக்குத் தொடுக்காமலும், 12-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனுச் செய்யலாம். வீட்டின் மீது எந்தச் சொத்துரிமையும் இல்லாத மனைவிக்கும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 17-ஆம் பிரிவு தருகிறது. மாமனார், மாமியார் பெயரிலுள்ள வீட்டுக்கு இது பொருந்தாது என்ற பழைய தீர்ப்பை, 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

மறுமொழி 2:
நான் இந்த வழியில் சென்றவள். தங்கை இப்போது தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்துள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் அதற்கு உதவுவார். அவரிடம் நான் "எப்போதும் அடிப்பார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த நாள், எந்த அறை, யார் பார்த்தார்கள் என்று கேட்டார். பால் கணக்கு எழுதியிருந்த நாட்காட்டியைப் புரட்டித்தான் தேதிகளை நினைவுகூர்ந்தேன். சீதனத்தையும் சான்றிதழ்களையும் திருப்பித் தரும்படி 19-ஆம் பிரிவில் உத்தரவு கோரலாம். மனுவை 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் என் வழக்கு ஓராண்டைத் தாண்டியது. ஆகவே, 23-ஆம் பிரிவின் இடைக்கால உத்தரவை மனுவோடு சேர்த்தே கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞரை இலவசமாகப் பெறலாம். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது. அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்னவை சரி. ஆனால் தங்கும் உரிமை சொத்துரிமை ஆகிவிடாது. வயதான மாமனார், மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் எடைபோடும். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை தரவோ கணவருக்கு உத்தரவிடலாம். அடித்தவரோடு மீண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதைவிட அது மேல் என்பது என் கருத்து. இன்னொன்று: மீண்டும் வன்முறை செய்யக் கூடாது என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறுவது குற்றம், ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறை வேண்டாம் என்று எண்ணும் தங்கை இதையும் அறிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. குழந்தையைப் பள்ளி வாசலிலிருந்து அழைத்துச் சென்றுவிடுவாரோ என்று அஞ்சுகிறாள். அதையும் இதே மனுவில் கேட்கலாமா?

மறுமொழி 1:
கேட்கலாம். 21-ஆம் பிரிவின்கீழ் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைத் தாயிடம் ஒப்படைக்கும்படி கோருங்கள். உத்தரவு கிடைத்ததும் அதன் நகலைப் பள்ளியிலும் கொடுத்துவையுங்கள்.