'பாகுநிலைத் தரம்' வேண்டாம், 'பாகுநிலை வகை' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சின் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்ட டப்பாவில் அச்சிட்டிருக்கும் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற குறிகளுக்குத் தமிழில் 'பாகுநிலைத் தரம்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. 'பாகுநிலை' (viscosity, அதாவது திரவம் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) நம் பள்ளிப் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல், அதை ஏற்கிறேன். அதற்கு மாற்றாக வழங்கும் 'பிசுக்குமை' என்றால் கடைக்கு வருகிறவருக்கு அழுக்கும் ஒட்டலும்தான் முதலில் நினைவுக்கு வரும். என் மறுப்பெல்லாம் 'தரம்' என்பதன் மீதுதான்.

தரம் என்றதுமே உயர்வு தாழ்வு வந்துவிடுகிறது. எண் கூடக்கூட ஆயில் கெட்டி என்பதே பொருள்; ஆனால் 20ஐவிட 50 தரமானது என்றே வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். மதுரையில் இது ஏட்டளவிலான மயக்கம் அன்று. கோடையில் 40 பாகையைத் தொடும் ஊர் என்பதால், கெட்டி ஆயில் போட்டால்தான் எஞ்சின் தாங்கும் என்ற பேச்சு நம்மூர்ப் பட்டறைகளில் உண்டு. மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் உள்ள ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, "தண்ணியாப் போச்சு" என்பார். அவர் விரல் அறிவது விரல் சூட்டில் உள்ள ஆயிலை. வண்டி ஓடும்போது அதே ஆயில் 100 பாகையை ஒட்டிய சூட்டில் இருக்கும். வெளியே 25 பாகையானாலும் 40 ஆனாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 பாகையில் நிறுத்துவதால், வெயில் ஏறும் அளவுக்கு ஆயிலின் சூடு ஏறிவிடுவதில்லை. 0டபிள்யூ-20க்கென்று குறுகிய இடைவெளிகளோடு வடிவமைத்த எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலேற நேரமாகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

இந்தக் குறிகளை வகுத்த எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே300 நெறிமுறையிலும் இந்த எண்கள் வகுப்புகளே. 100 பாகையில் ஆயிலின் இயக்கப் பாகுநிலை, வினாடிக்குச் சதுர மில்லிமீட்டர் கணக்கில், 9.3க்குக் குறையாமலும் 12.5ஐ எட்டாமலும் இருந்தால் அது 30, 12.5 முதல் 16.3ஐ எட்டாதவரை 40. ஆகவே 'பாகுநிலை வகை' என்பதே பொருந்தும். 'பாகுநிலை எண்' என்றால், பாடநூல்களில் வேறு பொருளில் வழங்கும் 'பாகியல் எண்' என்பதோடு குழம்பும்.

குறியின் இரு பகுதிகளுக்கும் தனிப்பெயர் வேண்டும். 'வின்டர்' (குளிர்காலம்) என்பதன் முதலெழுத்தான டபிள்யூவைக் 'குளிர்கால வகை' என்று பெயர்த்தால், மதுரைக்காரர் அது தமக்கில்லை என்று விட்டுவிடுவார். 5டபிள்யூ ஆயிலை, எஞ்சினைச் சுழற்றும் எளிமைக்காகக் கழித்தல் 30 பாகையில் சோதிக்கிறார்கள் என்பது உண்மையே; எனினும் நம் மார்கழிக் காலையிலும், ஏன் சித்திரைக் காலையிலும்கூட, நின்றிருந்த வண்டியின் ஆயில் ஓடும்போது இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாகவே இருக்கும். எனவே முன்பகுதியைக் 'குளிர்நிலை வகை' என்றும், பின்பகுதியை 'ஓட்டநிலை வகை' என்றும் குறிக்கலாம்.

ஆயிலில் சேர்க்கும் ஒரு வகைப் பாலிமர்களுக்கு முன்மொழிந்த 'பாகுநிலை மேம்படுத்தி' என்ற சொல்லிலும், உயர்வு தாழ்வைச் சுட்டும் இதே குறை இருக்கிறது. அந்த நீள்சங்கிலிப் பாலிமர்கள் சூட்டில் விரிந்து, ஆயில் மெலிவதைக் குறைக்கின்றன. ஆகவே 'மெலிவு தணிப்பி' என்கிறேன். எஞ்சினின் அழுத்தத்திலும் உராய்விலும் அந்தச் சங்கிலிகள் அறுபடுவது, ஆயில் நாளடைவில் மெலிவதற்கு ஒரு காரணம் என்பதையும் அச்சொல்லின் விளக்கத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.