வி1: "முடிவு வேகம்" பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

விமானப் புறப்பாட்டுச் சொற்பட்டியலில் வி1-க்கு (V1, அதாவது ஓடுபாதையில் ஓடும் விமானம் புறப்பாட்டைக் கைவிடக்கூடிய கடைசி வேகத்துக்கு) நீங்கள் தந்த "முடிவு வேகம்" சுருக்கமான சொல்தான். ஆனால் அந்த வேகம் வந்ததும் விமானி உட்கார்ந்து முடிவெடுப்பார் என்ற எண்ணத்தை அது தந்துவிடும். புறப்பாட்டைக் கைவிடுவதாக இருந்தால், வி1-ஐத் தாண்டும் முன்பே பிரேக் பிடிப்பது போன்ற முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டும். தாண்டியபின் ஓர் எஞ்சின் நின்றாலும் மேலே எழும்பத்தான் வேண்டும். மிச்சமுள்ள ஓடுபாதை நிற்கப் போதாமல் போகலாம். எனவே "நிறுத்தெல்லை வேகம்" என்று சொல்லலாமா?

விஆர்-க்கு (VR, rotation speed) "சுழற்சி வேகம்" கட்டாயம் வேண்டாம். மூக்கைத் தூக்கும் வேகம் அது. "மூக்குயர்த்து வேகம்" போதும். ஓர் எஞ்சின் இழந்த நிலையிலும் பாதுகாப்பாக ஏறுவதற்கான வேகமான வி2-ஐ (V2) "காப்பேற்ற வேகம்" எனலாம்.

அடுத்து, எடை. இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே எடை 10% கூடினால் எழும்பத் தேவையான வேகம் ஏறக்குறைய 5% கூடும். வி1 மட்டும் எடையோடு நிற்காது. ஓடுபாதையின் நீளம், ஈரம், காற்று எல்லாம் அதைப் பாதிக்கும். ஈரப் பாதையில் அது குறையும்.

2009 மார்ச்சில் மெல்போர்னில் எமிரேட்ஸ் 407 விமானம் புறப்பட்டபோது 362.9 டன் என்று இருக்க வேண்டிய எடை, கணக்கில் 262.9 டன் என்று பதிவானது. ஓர் இலக்கம்தான் மாறியது. அதனால் இந்த மூன்று வேகங்களும் கணக்கில் குறைவாக வந்தன. எடை குறைவு என்று நம்பி உந்துவிசையும் குறைத்து வைக்கப்பட்டது. வால் தரையில் உராய்ந்தது, விமானம் ஓடுபாதையின் முடிவைத் தாண்டித்தான் எழும்பியது. கேப்டன் முழு உந்துவிசை கொடுத்தார்; திரும்பிப் பத்திரமாக இறங்கினார்கள். 2004-இல் ஹாலிஃபாக்ஸில் எம்கே ஏர்லைன்ஸ் சரக்கு விமானத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. முந்தைய புறப்பாட்டின் எடையே கணக்கில் தங்கிவிட, விமானம் விபத்துக்குள்ளாகி அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

எடையில் குழப்பம் இவ்வளவு ஆபத்தானது என்பதால் "புறப்பாட்டு நிறை" என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை (mass) வேறு, எடை (weight) வேறு. இலங்கை மாணவருக்கோ முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. "புறப்பாட்டு எடை" என்றால் இரு பக்கமும் குழப்பம் வராது.

சரி, "மூக்குயர்த்து வேகம்" சற்று நீளம்தான். இன்னும் சின்னதாக ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்ற மூன்றையும் இப்படியே பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து.